எக்ஸ் வருவதற்கு முன்னால் எந்தக் கணக்குப் புத்தகம்?

கேள்வி: அம்பாசமுத்திரம் வாசகி, 21 மே 2023

மகள் ஜூனில் ஏழாம் வகுப்பு போகிறாள். தமிழ்வழி. ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு பரவாயில்லை. ஆறாம் வகுப்பில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்த நாளிலிருந்து நோட்டை மூடி வைத்துவிடுகிறாள். பாடநூலில் பயிற்சிக் கணக்கு குறைவு, நிறையக் கணக்கு உள்ள தடிமனான புத்தகம் ஒன்றைப் போட வைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். எந்தப் புத்தகம் வாங்கலாம்? விலை பிரச்சினை இல்லை.

பதில்: 22 மே 2023, இரவு 9.40

தடிமனான புத்தகம் வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தவள். போன வருஷம் பாளை (பாளையங்கோட்டை) பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 580 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே கட்டு. இன்றைக்கு அது எங்கள் வீட்டு மாவுச் சட்டி மூடிமேல் பாரமாக இருக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது, குறை சொல்ல முடியாது.

என் மகனும் இந்த ஜூனில் ஏழாம் வகுப்புதான், தமிழ்வழிதான். அந்தப் புத்தகத்தில் ஒரு பயிற்சிக்கு அறுபது கணக்கு. முதல் கணக்கைச் செய்து காட்டியிருப்பார்கள். இவன் மிச்சம் ஐம்பத்தொன்பதையும் அதே அச்சில் வார்த்துவிடுவான். எல்லாம் சரியாக இருக்கும். நானும் சந்தோஷமாக டிக் போட்டேன். நாலு நாள் கழித்து நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கேட்டால், “இது எந்தப் பக்கத்துக் கணக்கும்மா?” என்கிறான். பக்கம் தெரிந்தால்தான் வழி தெரியுமாம்.

நான் கணக்கு டீச்சர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 43.

22 மே, இரவு 10.15

விலை பிரச்சினை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்குப் பிரச்சினை, அதனால்தான் அவ்வளவு காட்டம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்துக்குள் என்ன வரும் என்று மகளிடம் கேளுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள். முகத்தைக்கூட மாற்றாதீர்கள்.

23 மே, காலை

“12 என்று எழுதினாள், சரிதானே, இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. விடை 7. இந்தப் பக்கம் 12 என்றால் அந்தப் பக்கமும் 12 ஆக வேண்டும்.

வருத்தப்படாதீர்கள், என் மகனும் 12 என்றுதான் எழுதினான். பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றாள். அமெரிக்காவில் 1999-ல் வந்த ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதே கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். 145 பேரும் 12 அல்லது 17. ஒருத்தர்கூட 7 இல்லை.

காரணம் இதுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறி வலது ஓரத்தில்தான் வந்திருக்கிறது. பிள்ளைக்கு அது “இதோ விடை வருது” என்று சொல்லும் மணி. கால்குலேட்டர் பொத்தான் மாதிரி. இரண்டு பக்கமும் ஒன்று என்ற அர்த்தமே அதில் ஏறவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் 2க + 3 = 11 என்று கொடுத்தால் அது என்ன செய்யும்? (புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்றுதான் இருக்கும். எனக்கு இங்கே ‘க’ போட்டு எழுதுவது வசதி.)

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது விலையையும் கனத்தையும் விடுங்கள். 9 = 5 + 4 என்று, சமக்குறி இடதுபக்கமாக வரும் கணக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். என் 580 ரூபாயில் இல்லை.

27 மே

சரி, புத்தகத்துக்கு வருவோம். ஆறாம் வகுப்பு அரசுப் பாடநூல் மூன்று பருவமாக இருக்கிறதல்லவா, மூன்றையும் தரையில் பரப்பி அட்டவணையை மட்டும் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஏன் பார்க்கவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது.

முதல் பருவத்தில் இரண்டாவது அலகே இயற்கணிதம், அதாவது எழுத்துக் கணக்கு. அமைப்புகளைக் காட்டி, அதிலிருந்து மாறிக்கு, அதாவது எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்துக்கு, வருகிறார்கள். பின்னங்கள் எங்கே? மூன்றாம் பருவத்தில். முழுக்கள், அதாவது கழித்தல் குறி போட்ட எண்களும் சேர்ந்த முழு எண்கள்? அதுவும் மூன்றாம் பருவத்தில். ஆக பிள்ளை ஜூலை வாக்கில் எழுத்தைப் பார்க்கிறது, பின்னத்தையும் குறை எண்ணையும் ஜனவரிக்கு மேல்தான் பார்க்கிறது.

இது தப்பா என்றால், தப்பு என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எழுத்தைச் சீக்கிரம் பழக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். அந்த அலகும் லேசாகத்தான் இருக்கிறது, மிரட்டவில்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் முதல் பருவமே முழுக்களில் தொடங்கி மூன்றாவது அலகில் மறுபடி இயற்கணிதம். மூன்றாம் பருவத்தை அரைகுறையாகப் படித்த பிள்ளை அங்கேதான் கவிழும்.

3 ஜூன்

எங்கள் பிள்ளைகள் எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று யோசித்தேன். மூன்றாம் வகுப்பு முடிகிற நேரம் கொரோனா. நாலாம் வகுப்பு முழுக்க செல்போனில். ஐந்தாம் வகுப்பில் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. சின்னப் பின்னங்களைத் தாளை மடித்தும் வெட்டியும் பழகுகிற வயசு அப்படியே போய்விட்டது.

நேற்று இவனிடம் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் என்ன என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, ஐந்தில் இரண்டு என்றான். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. “ஏல, அரையைவிட ஐந்தில் இரண்டு சின்னதுல்லா, கூட்டினா எப்படிக் குறையும்?” என்றால் முழிக்கிறான்.

அப்போது அடுப்படியில் இருந்து என் மாமியார் சோற்றைக் கிண்டிக்கொண்டே, “முக்காலே மூணு வீசம் வெந்துட்டு” என்றார்கள். நாம் எல்லோரும் சொல்கிற சொல்தானே, ஏறத்தாழ முடிந்தது என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. வீசம் என்றால் பதினாறில் ஒன்று. மூணு வீசம், பதினாறில் மூன்று. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. கூட்டினால் 15/16. இன்னும் ஒரே ஒரு வீசம்தான் பாக்கி, சோறு வெந்துவிடும்! தாளை நாலாக மடித்து, ஒவ்வொரு காலையும் நாலாக மடித்துப் பதினாறு கட்டம் போட்டு அவனையே நிரப்பச் சொன்னேன். நிரப்பி முடித்து, வெள்ளையாக நின்ற ஒரு கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

4 ஜூன்

பாளையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு சார் ஒருவர் நேற்று நான் எழுதியதைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர் உண்டாம். மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, இரண்டையும் கூட்டிப் பாரும்மா என்று விட்டுவிட்டார்.

கூட்டினேன். 4/80 + 1/80 = 5/80. அதாவது 1/16. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி! பேருக்குள்ளேயே கூட்டல் கணக்கு. 43 மார்க் வாங்கியவள் இதை ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டுவிட்டு வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

13 ஜூன்

வெயிலால் தள்ளித் தள்ளிப் போய் நேற்றுதான் பள்ளி திறந்தார்கள். புதுப் புத்தகம் வந்துவிட்டது. இன்றைக்கு எழுத்தில் ஒரு சோதனை. க = 4 என்றால் 3க எவ்வளவு என்று கேட்டேன். 34.

சிரிக்காதீர்கள். அவன் பக்கத்து நியாயத்தைப் பாருங்கள். மூன்றுக்குப் பக்கத்தில் க, கவை எடுத்துவிட்டு 4 வை, 34 தானே. நடுவில் பெருக்கல் இருக்கிறது, எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று யார் சொன்னார்? எழுதினாலும் வம்பு, பெருக்கல் குறியும் எக்ஸும் ஒரே ஜாடை. புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள்தான். ஒரு வரி போதவில்லை.

மாமியார் முக்கூடல் பக்கம். இங்கே எங்களோடு வந்த பிறகும் பீடி சுற்றுவதை விடவில்லை. சுளகை (முறத்தை) மடியில் வைத்து, இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டிப் போடுவார்கள். 25 பீடி ஒரு கட்டு. இவனைக் கூப்பிட்டு, “ஆச்சி எத்தனை கட்டு கட்டியிருக்கான்னு பார்க்காதே. க கட்டுன்னு வச்சுக்கோ. கட்டாம சுளகில் ஏழு பீடி கிடக்கு. மொத்தம் எத்தனை?” என்றேன். அவன் எழுதவில்லை, வாயாலேயே, “இருபத்தஞ்சு க, அப்புறம் ஏழு” என்றான். மொத்தம் 482 என்றால்? “ஏழைத் தள்ளு, 475. இருபத்தஞ்சுல… பத்தொம்பது கட்டு!” ஆச்சி எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஆறாம் வகுப்பு முழுக்க வராதது சுளகுப் பக்கத்தில் பத்து நிமிஷத்தில் வந்தது. நான் அவனைப் பீடி சுற்ற விடவில்லை, எண்ணத்தான் விட்டேன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

17 ஜூன்

குறை எண்ணில் சுத்தமாகப் பூஜ்யம். ஐந்து கணக்கு கொடுத்தேன், நாலு தப்பு. 3 − 7 கேட்டால் 10 என்கிறான். மூன்றாம் பருவத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

18 ஜூன்

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் கணக்குகளை நான் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தேன். இங்க் தீர்ந்த மிஷின் போல, மெல்லிசான கழித்தல் குறிகள் மூன்று இடத்தில் விழவே இல்லை. 3-க்கும் 7-க்கும் நடுவில் வெறும் வெளி. அவன் கூட்டிவிட்டான். தாளைக் கையில் கொண்டுவந்து, “இதுல ஒண்ணுமே போடலையேம்மா” என்று காட்டினான். நாலு தப்பில் மூன்று ஜெராக்ஸ் மிஷினுடையது. ஒன்றுதான் இவனுடையது.

திட்டியதைத் திரும்ப வாங்க முடியவில்லை. பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

இதிலிருந்து ஒரு காரியம்: புத்தகத்தின் அச்சையும் பாருங்கள். எழுத்து எவ்வளவு பெரிசு, ஒரு பக்கத்தில் எத்தனை கணக்கு நெருக்கியடித்து நிற்கிறது, குறி கண்ணில் படுகிறதா. மாவுச் சட்டிப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு நாற்பது கணக்கு, எறும்பு ஊர்கிற மாதிரி.

9 ஜூலை

சமக்குறிக்குத் தராசு. எல்லாப் புத்தகத்திலும் தராசுப் படம் இருக்கிறது. ஆனால் இவன் தட்டுத் தராசைப் பார்த்ததே இல்லை, கடைகளில் எல்லாம் எலெக்ட்ரானிக். படத்தைக் காட்டினால், “இதுல நம்பர் எங்க வரும்?” என்கிறான்.

சட்டை மாட்டும் கம்பியின் இரண்டு முனையிலும் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். எடைக்குப் புளியமுத்து. தீப்பெட்டிக்குள் நாலு முத்தை ஒளித்து வைத்து மூடினால் அதுதான் ‘க’. ஒரு பக்கம் இரண்டு தீப்பெட்டியும் மூன்று முத்தும், மறுபக்கம் பதினோரு முத்து. சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. தீப்பெட்டிப் பக்கம் இறங்கிவிட்டது. நான் முடிச்சைச் சரிசெய்கிறேன், கம்பியை வளைக்கிறேன், வேர்த்துக் கொட்டுகிறது.

இவன் எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: “தீப்பெட்டிக்கும் கனம் உண்டுல்லா. அந்தப் பக்கம் ரெண்டு காலிப் பெட்டியப் போடு.”

போட்டேன். ஏறக்குறைய நின்றது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்தால் சமநிலை கெடாது என்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவன் எனக்குச் சொன்னான்.

10 ஜூலை

தராசுக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கு சார் எச்சரிக்கிறார். உண்மைதான். மைனஸ் ஐந்து புளியமுத்தை எப்படிச் சிரட்டையில் போடுவது?

22 ஜூலை

குறை எண்ணுக்கு என்ன உதாரணம் காட்டுவது என்று இரண்டு வாரம் அலைந்தேன். பூஜ்யத்துக்குக் கீழே போகும் வெப்பநிலையா? எங்கள் ஊரில் மார்கழியில்கூட மின்விசிறி ஓடுகிறது. பனி உறைவதை அவன் எங்கே கண்டான். லிஃப்டில் தரைக்குக் கீழே இரண்டு தளம் என்கிறார்கள். இவன் லிஃப்டில் ஏறியதே மொத்தம் மூன்று தடவை.

வேலைக்கு ஆனவை இரண்டு. ஒன்று, நாளிதழில் தினமும் வரும் அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவு அவனுக்கு ஏற்கெனவே தெரியும், எங்கள் வீட்டில் அதுதான் காலைப் பேச்சு. நேற்றைவிட 2 அடி கூடினால் +2, 3 அடி இறங்கினால் −3. ஒரு வாரத்துக்கு எழுதிக் கூட்டினால், வாரம் தொடங்கியபோது இருந்ததைவிட எவ்வளவு மாறியது என்று வரும். பேப்பர் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அண்ணாச்சி கடைப் பற்று நோட்டு. 3 − (−7) எப்படிக் கூட்டலாகிறது என்று நான் பள்ளியில் கடைசி வரைக்கும் மனப்பாடமாகத்தான் சொன்னேன். பற்று 50 ரூபாய் என்றால் நம் நிலவரம் −50. அண்ணாச்சி, “சரி, இருபதை விட்டுரு தாயி” என்று ஒரு 20 ரூபாய்ப் பற்றை அடித்துவிடுகிறார். கடனை எடுத்துவிட்டார், அதாவது −50 − (−20). இப்போது நிலவரம் −30. கைக்குப் பணம் வரவில்லை, ஆனாலும் நாம் 20 ரூபாய் மேலே வந்துவிட்டோம். இவன் உடனே, “அப்போ அம்பதையும் அடிக்கச் சொல்லு” என்றான்.

20 ஆகஸ்ட்

கடையநல்லூர் பாய் ஒருவர், சிங்கப்பூரில் மச்சான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கணக்குப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அங்கே எழுத்துக்கு முன்னால் பட்டை வரைகிறார்கள். 1980-களிலேயே அவர்கள் கல்வி அமைச்சகம் கொண்டுவந்த முறையாம். அண்ணனிடம் தம்பியைப் போல மூன்று மடங்கு கோலி, இரண்டு பேரிடமும் சேர்த்து 48. தம்பிக்கு ஒரு பட்டை, அண்ணனுக்கு மூன்று பட்டை, நாலு பட்டைக்கு 48, ஒரு பட்டை 12. எழுத்தே வேண்டாம். அப்புறம் அந்தப் பட்டைமேல் க என்று எழுதிவிட்டால் 4க = 48. படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு படி.

அமெரிக்காவில் இதற்கென்றே ப்ரீ-அல்ஜிப்ரா (இயற்கணிதத்துக்கு முந்தைய படி) என்று தனிப் பாடமும் தனிப் புத்தகமும் உண்டு. நமக்கு அது 6, 7, 8 மூன்று வகுப்பிலும் சிதறிக் கிடக்கிறது, அதனால் ஒரே புத்தகம் வாங்கி முடித்துவிடலாம் என்ற எண்ணமே இங்கே சரிப்படாது. அங்கே சாக்சன் என்று ஒரு வரிசை. ஒரு நாளைக்குப் புதுசு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பழைய பாடங்களிலிருந்து கலந்து கட்டிய கணக்கு. ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் என்று இன்னொன்று, அது நேர் எதிர்: முதலில் கணக்கைக் கொடுத்து முட்ட விட்டு, பிறகு விளக்கம். கணக்கில் பசி உள்ள பிள்ளைக்கு அது. நம் இரண்டு பேர் பிள்ளைகளுக்கும் அல்ல.

கலந்து கட்டுவதைப் படித்ததும் எனக்கு மண்டையில் தட்டிய மாதிரி இருந்தது. “எந்தப் பக்கத்துக் கணக்கும்மா?” என்று கேட்டானே, அதற்கு மருந்து இதுதான். பக்கமே தெரியாமல் செய்ய வேண்டும். ஆகவே வெட்கத்தோடு சொல்கிறேன், மாவுச் சட்டியிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். பயிற்சிக்கு ஒன்றாகப் பத்துப் பயிற்சியிலிருந்து பத்துக் கணக்கு, தினமும் ஒரு தாளில் என் கையெழுத்தில். ஜெராக்ஸ் இல்லை.

22 ஆகஸ்ட்

“அப்போ மே மாசம் தடிமன் புத்தகம் வேண்டாம் என்று என்னைத் திட்டியது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்தும் நல்ல பதில் வரவில்லை.

16 செப்டம்பர்

காலாண்டுத் தேர்வு நேரம். உங்கள் மகள் பற்றி எழுதியதைப் படித்தேன். வெறும் எண் கணக்கு வருகிறது, தராசு வருகிறது, 25க வருகிறது. வாக்கியக் கணக்கு மட்டும் வருவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் நான் இதுவரை எழுதியதில் பாதி உங்களுக்கு ஆகாது.

ஒன்று செய்யுங்கள். அவள் விட்டுவிட்ட அதே வாக்கியக் கணக்கை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், விளக்கம் சொல்லாமல். காதால் கேட்டுச் செய்துவிட்டாள் என்றால் தடை கணக்கில் இல்லை, வாசிப்பில்.

18 செப்டம்பர்

நீங்கள் வாய்விட்டுப் படித்ததும் ஆறு கணக்கில் ஐந்தைச் செய்துவிட்டாளா! தங்கச்சி, எந்தக் கணக்குப் புத்தகம் வாங்கியும் பிரயோஜனமில்லை. முதலில் கண் டாக்டர். பார்வை சரியாக இருந்தால் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், அவர்களிடம் காட்டுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்று இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பாளையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. எழுத்தில் தடுமாறுகிற பிள்ளையை மட்டும் இன்னமும் சோம்பேறி என்றுதான் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும், பாடநூலின் வாக்கியக் கணக்கைத் துண்டு துண்டாக உடைத்து, ஒரு வரிக்கு ஒரு செய்தியாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தை ஒரு அட்டையால் மூடி, ஒரு கணக்கு மட்டும் தெரிகிற மாதிரி விடுங்கள்.

24 டிசம்பர் 2023

கரண்ட் வந்து நாலு நாள் ஆகிறது. 17, 18 இரண்டு நாளும் வெள்ளத்தில் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும், அம்பையிலும் அதே ஆற்றுத் தண்ணீர்தானே. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முழுகிக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு. கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தோம். இவன் சுவரில் பென்சிலால் கோடு போட்டு மணிக்கு ஒரு தடவை +2, +1, 0, −1 என்று எழுதிக்கொண்டிருந்தான், விரல் கணக்கில். மைனஸ் ஒன்று வந்தபோது ஆச்சி சாமி கும்பிட்டார்கள்.

கீழ்த்தட்டில் இருந்த ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் மூன்றும் ஊறிப் போயின. மாவுச் சட்டி அடுப்பு மேடையில் இருந்ததால் தடிமன் புத்தகம் மட்டும் தப்பித்தது. இதைப் பார்த்துச் சிரித்தது நான் மட்டும்தான்.

28 டிசம்பர்

பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது என்று பாய் நினைவூட்டினார். இறக்கிக்கொண்டேன். அதில் ஒரு லாபம்: எனக்கு வேண்டிய வரிசையில் பக்கங்களை அச்செடுத்தேன். ஆறாம் வகுப்பின் பின்னங்கள், முழுக்கள், அப்புறம் முதல் பருவ இயற்கணிதம், அதன்பின் ஏழாம் வகுப்பு முதல் பருவம். தையல் போட்டுக் கட்டியதில் மொத்தமே விரல் தடிமன்.

கவனம், நான் படித்தபோது மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) என்றது இப்போது மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி). நமக்குத் தெரிந்த பழைய பெயரில் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம். நான் குழப்பினேன்.

3 பிப்ரவரி 2024

வெள்ளத்தால் தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வில் 71. வகுப்பில் முதல் பத்துக்குள் இல்லை. 34 என்ற பதில் எங்கும் இல்லை என்பதைத் தாளை வாங்கி நானே தேடிப் பார்த்தேன்.

11 ஆகஸ்ட் 2024

மத்தியப் பாடத்திட்டப் புத்தகம் வாங்கலாமா என்று கேட்ட வள்ளியூர் அண்ணாச்சிக்கு. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இந்த வருஷம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பழையதில் முழுக்கள், பின்னம் எல்லாம் முடிந்து பிற்பகுதியில் இயற்கணிதம் வந்தது. புதியதில் ஆறாம் வகுப்பில் இயற்கணிதம் என்று தனி அத்தியாயமே இல்லை. கடைசி அத்தியாயம் பூஜ்யத்தின் அந்தப் பக்கம், கட்டடம், லிஃப்ட், கூட்டல் பொத்தான், கழித்தல் பொத்தான். நன்றாகத்தான் இருக்கிறது, லிஃப்டைப் பற்றி முன்னால் நக்கல் அடித்தேன், பொத்தானை அமுக்கும் விளையாட்டு இவனுக்கே பிடித்தது. ஆனால் எனக்குத் தமிழில் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் வாசகம் தடுக்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் இரண்டு பாடம் ஒரே நேரத்தில். நான் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் வாயால் தமிழில் சொல்லிக் காட்டினேன். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைக்கு முழுப் புத்தகம் தேவையில்லை என்பது என் கட்சி.

1 செப்டம்பர்

அம்பாசமுத்திரத் தங்கச்சிக்கு. மகள் எட்டாம் வகுப்பில் தானே வாசித்து வாக்கியக் கணக்கு போடுகிறாள், இன்னும் கணக்கு வேண்டும் என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன்.

தடிமன் புத்தகத்தை நீங்கள் வாங்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை ஆச்சியை முக்கூடலுக்குக் கொண்டுவிட வருகிறேன், அப்படியே அம்பை பஸ் ஸ்டாண்டில் வந்து தருகிறேன். எட்டாம் வகுப்புப் பகுதியில் இவன் கை வைக்கவில்லை, சுத்தமாக இருக்கிறது. அட்டை மட்டும் கொஞ்சம் மாவு வாசம் அடிக்கும்.